வரி முடிந்த பின் ஒரு குரல்

எங்கள் பதிகக் கூட்டத்தில் பதினான்கு பேர் இருந்தோம். பதின்மூன்று பேர் ஒரு வரியைப் பாடி முடிப்போம். பதினான்காவது ஆள் அதற்கப்புறம் முடிப்பார். நாங்கள் அடுத்த வரிக்கு மூச்சு இழுக்கும் நேரத்தில், மண்டபத்தின் கடைசித் தூணிலிருந்து அந்த வரியின் வால் மட்டும் தனியாக வரும். சுருதியும் கிடையாது, தாளமும் கிடையாது. இப்படிப் பாடுகிறோமே என்ற கூச்சமும் சுத்தமாகக் கிடையாது.

மரக்காணத்தில் நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காலம் அது. லைனில் இரைச்சல் என்று புகார் வந்தால் போய்க் கண்டுபிடித்து எடுப்பது என் தொழில். தொழில் காதோடு ஒட்டிக்கொண்டது. வீட்டில் மின்விசிறி கிறீச்சிட்டால் ஸ்டூலைப் போட்டு ஏறிவிடுவேன். சாப்பிடும்போது யாராவது உறிஞ்சினால் எனக்குச் சோறு இறங்காது. "சுத்தமா இருக்கணும்" என்பது என் வாயில் எப்போதும் இருக்கும் வார்த்தை. இப்படிப்பட்ட ஆள்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊர்ச் சிவன் கோயில் மண்டபத்தில் கூடுவோம். தடியான பதிகப் புத்தகம் ஒன்றை முதல் பக்கத்திலிருந்து வரிசையாக, வாரத்துக்கு ஒரு பதிகம் வீதம், ஒன்றுவிடாமல் பாடி முடிக்க வேண்டும் என்பது எங்கள் சங்கல்பம். முற்றோதல் என்பார்கள். ஒரு கோயிலில் உட்கார்ந்து ஒரே நாளில் முடிக்கிறவர்களும் உண்டு. நாங்கள் குடும்பஸ்தர்கள், இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டோம். நான் முதல் வரியை எடுத்துக் கொடுப்பேன், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். ஒரு பதிகத்துக்குப் பத்துப் பாட்டு, பாடினால் என்ன பலன் என்று சொல்லும் பதினோராவது பாட்டு ஒன்று. அதோடு திருச்சிற்றம்பலம் சொல்லி முடித்து, சுண்டலைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவோம்.

அந்தப் பதினான்காவது ஆள் உப்பளத்தில் வேலை செய்பவர். ஐம்பது வயதைத் தாண்டியிருப்பார். வந்ததும் குழாயடியில் நெடுநேரம் கால் கழுவுவார். உப்புத் தண்ணீரிலேயே நின்று பாதம் பாளம் பாளமாக வெடித்திருக்கும். உட்காரும்போது அது யார் கண்ணிலும் படாதபடி காலை மடக்கி வேட்டிக்குள் செருகிக்கொள்வார். மற்றவர்களுக்குக் கொடுத்த மாதிரி அவருக்கும் ஒரு புத்தகம் கொடுத்திருந்தேன். அதை மடியில் மூடியே வைத்திருப்பார். படிக்கத் தெரியாது என்று முதல் மாதமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்காக யாரும் அவரை ஒன்றும் சொன்னதில்லை. பாட்டைக் கேட்டுக் கேட்டுத் திருப்பிச் சொன்னார், அதனால்தான் பின்னால் வந்தார். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பெரிய மூளை வேண்டியிருக்கவில்லை.

பேச்சிலும் அவர் அப்படித்தான். நாம் சொன்னதன் கடைசிச் சொல்லைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

"பாண்டிச்சேரி பஸ் போயிடுச்சா?"

"போயிடுச்சா... போயிடுச்சி சார், இப்பதான்."

லைனில் நாம் பேசியது நமக்கே திரும்பிக் கேட்டால் அதை எக்கோ என்போம். அதுவும் ஒரு பழுதுதான். நான் அவருக்கு எக்கோ என்று பெயர் வைத்தேன். கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பெயர் வாங்கியவரோ அதற்கு என்ன அர்த்தம் என்று என்னிடமே வந்து கேட்டார். பழுது என்று சொல்ல வாய் வராமல், "கோயில் மண்டபத்துல பேசினா சத்தம் திரும்பி வருதுல்ல, அது" என்றேன்.

"திரும்பி வருதுல்ல... கோயில்ல திரும்பி வர்ற சத்தமா?" என்று யோசித்தார். முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல பேருதான் சார்."

அதற்கப்புறம் யாராவது கூப்பிட்டால் பெருமையாகத் திரும்பிப் பார்ப்பார். இதை எழுதும்போதுகூட என் கை கூசுகிறது.

ஒருமுறை உப்பளம் பக்கம் இருந்த ஆபீஸில் போன் செத்துவிட்டது என்று போனேன். கடல் ஊருக்குள் ஏறி வந்த அந்த மார்கழிக்கு அடுத்த மாதம் அது. பாத்தி பூராவும் சேறும் கருமணலும் வந்து படிந்திருக்க, அதை வாரி எடுத்துவிட்டு அடியிலிருந்து புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். உப்புப் பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்துத்தான் இறுக்க வேண்டும். ஏழெட்டுப் பேர் வரிசையாக ஒருவர் பின் ஒருவராக மிதித்துக்கொண்டே போனார்கள். கடைசி ஆள் அவர். மற்றவர்கள் நேராகப் பார்த்து மிதித்தார்கள். அவர் தலையைக் குனிந்து, இப்படி ஒரு கால் அப்படி ஒரு கால் வைத்து, ஆடி ஆடி வந்தார். கோயிலில் மட்டுமில்லை, இங்கேயும் பின்தங்கல்தானா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

வரப்பில் நின்றபடி, "ஏங்க, எங்க போனாலும் கடைசிதானா நீங்க?" என்று கேட்டேன்.

"கடைசிதானா... கடைசில ஒர்த்தன் இருக்கணும் சார்" என்றார். "முன்னாடி போறவங்க கால் பட்ட எடம் போக நடுவுல சந்து இருக்கும்ல. அத வுட்டுட்டா அங்கதான் தண்ணி கசியும். அப்பால பாத்தி நிக்காது. கடைசில வர்றவன் பாத்துப் பாத்து மிதிக்கணும். எல்லாராலயும் ஆவாது சார் அது."

மேஸ்திரிகூட, "அது அவருக்குன்னே இருக்கற எடம் சார்" என்றார். நான் தலையாட்டிவிட்டு, ஒயரைச் சரிபண்ணிவிட்டு, மோர் குடித்துவிட்டு வந்தேன். காதால் பிழைக்கிற எனக்கு அன்று அவர் சொன்னது காதில் விழுந்ததோடு சரி.

கடல் வந்த வாரம் அவர் எங்கே இருந்தார் என்று கேட்டதும் நினைவிருக்கிறது. "பள்ளிக்கூடத்துல இருந்தோம் சார். நாந்தான் தோள்ல போட்டுத் தூக்கியாந்தேன்" என்றார். யாரைத் தூக்கி வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த வாரம் ஊரில் எல்லோரும் யாரையாவது தூக்கிக்கொண்டுதான் ஓடினார்கள். என் கவலையெல்லாம், அந்த ஞாயிறு விட்டுப்போன பதிகத்தை எந்த ஞாயிறு ஈடுகட்டுவது என்பதில் இருந்தது.

பங்குனியில் ஒரு வேன் வைத்து இரும்பை என்ற ஊருக்குப் போனோம். பாடல் பெற்ற தலம். அங்கே பாண்டிச்சேரியிலிருந்து வேறொரு கூட்டம் வந்திருந்தது. ஆர்மோனியம், தாளம், எல்லோரும் ஒரே நிறத்தில் புடவை, வேட்டி. அவர்கள் பாடி முடித்ததும் எங்களைப் பாடச் சொல்லி மரியாதையாக இடம் விட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முதல் வரி நன்றாகத்தான் போயிற்று. அது முடிந்ததும் கடைசியிலிருந்து அவருடைய வால் வந்தது. அந்தக் கூட்டத்துப் பெண்கள் இரண்டு பேர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பதினோரு பாட்டு, பாட்டுக்கு நாலு வரி. நாற்பத்து நாலு முறை என் முதுகில் யாரோ சாணி அடித்த மாதிரி இருந்தது எனக்கு. திரும்பி வரும்போது வேனில் நான் யாரோடும் பேசவில்லை. அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, அன்று பாடிய பதிகத்தை முதலிலிருந்து மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் தட்டிற்று. பக்கத்தில் இருந்த தையல்கடை அக்காவைக் கேட்டுத் திருத்திக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குக்கூட அவ்வளவு கவலை இருக்காது. அது ஏன் என்றும் நான் கேட்கவில்லை.

அந்த ஆடியில்தான் கேசட் போடும் ஆசை வந்தது. யாருக்கு வந்தது என்று மழுப்ப வேண்டியதில்லை, எனக்குத்தான் வந்தது. பத்துப் பதிகம், நல்ல மெஷின், பாண்டியிலிருந்து ஒரு பையில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஒலிப்பதிவு செய்பவர் வந்தார். மண்டபத்தில் மைக் வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் பதிகத்தைக் கேட்டார். பாதியிலேயே கையைத் தூக்கினார்.

"சார், ஒவ்வொரு லைன் முடிஞ்சப்புறமும் ஒரு வாய்ஸ் தனியா நிக்குது. அதோட எடுத்தா கேசட் நல்லா வராது. நீங்க லீட் வாய்ஸ், நீங்க கடைசி எழுத்தப் புடிச்சு நிறுத்துங்க, அழகா இருக்கும். அவர மட்டும் பாத்துக்கங்க."

பதின்மூன்று பேரும் ஒரே திசையில் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து கடைசித் தூணுக்குப் போனேன். தனியாக வெளியே கூப்பிட்டுப்போய்ச் சொல்லியிருக்கலாம். குழாயடி பத்தடி தூரம். அதற்குப் பொறுமை இல்லை. எல்லோர் முன்னாலும் நின்றபடியே சொன்னேன்.

"நீங்க வாய மட்டும் அசைங்க. சத்தம் வேணாம். சாமிக்குத் தெரியும்."

கடைசியாக அதையும் சேர்த்துக்கொண்டேன், 'சாமிக்குத் தெரியும்' என்று. மனசாட்சி உறுத்தும்போது நம் ஆட்கள் சாமியை இழுப்பது வழக்கம்.

"சாமிக்குத் தெரியும்..." என்று அவர் திருப்பிச் சொன்னார். சிரித்தார். "சரி சார். வாய மட்டும் அசைக்கிறேன்."

அப்புறம் பத்துப் பதிகமும் கத்தரித்த மாதிரி வந்தன. ஒவ்வொரு வரியின் கடைசி எழுத்தையும், எல்லோரும் நிறுத்திய பிறகு, நான் ஒரு நொடி பிடித்து நிறுத்தினேன். மண்டபத்தில் அது சுற்றி வந்து அடங்குவதை நானே ரசித்தேன். பதிவு செய்தவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

இதுவரை நடந்ததற்கு ஏதாவது சமாதானம் சொல்லலாம். கேசட்டுக்காகச் சொன்னோம், ஒரு நாள் விஷயம் என்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் என்னிடம் சமாதானம் இல்லை. அன்று மைக் இல்லை, மெஷின் இல்லை. அவர் கால் கழுவிவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"சார், இன்னிக்கும் அப்படியேவா?"

புத்தகத்தில் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தவன், நிமிராமலே சொன்னேன். "அப்படியே இருக்கட்டுமே. சுத்தமா இருக்குல்ல."

அவர் போய்த் தூணருகே உட்கார்ந்தார். பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி மழை, எல்லாவற்றுக்கும் வந்தார். ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. வாய் மட்டும் அசையும். பேச்சிலும் அந்த வால் பிடிக்கிற வழக்கம் குறைந்துபோயிற்று. கேட்டதற்குப் பதில் மட்டும் சொன்னார். எனக்கு இது தெரிந்தது. தெரிந்தும், பரவாயில்லையே, மனுஷன் திருந்திவிட்டாரே என்றுதான் நினைத்தேன்.

கேசட் கார்த்திகையில் வந்தது. எக்ஸ்சேஞ்ச் வாசலில் நின்று, "எனக்கு ஒண்ணு குடுப்பீங்களா சார்? வூட்ல கேப்பா" என்றார். தாராளமாக ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். சட்டையில் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

தை முடியும்போது அவர் மனைவி இறந்துவிட்டதாகத் தையல்கடை அக்கா வந்து சொன்னார். அவருக்கு மனைவி இருப்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"படுத்த படுக்கையாத்தான் இருந்தாங்க சார், ரெண்டு வருஷமா. உப்புக் கூடைய தலைல வச்சிக்கினு வரப்புல வழுக்கி விழுந்து இடுப்பு போயிடுச்சி. பார்வையும் மங்கிடுச்சி. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. பதினான்கு பேர் கொண்ட கூட்டத்தின் தலைவனுக்கு அது தெரியாது.

எங்கள் கூட்டத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் எடுப்பதற்கு முன் போய் ஒரு பதிகம் பாடுவோம். போனோம். உப்பளத்தை ஒட்டிய வீடு. வாசலில் பந்தல், வெள்ளை வெயில். உள்ளே அந்த அம்மாளை முதல்முறையாகப் பார்த்தேன். தலைமாட்டுச் சுவரோரம் ஒரு பழைய டேப் ரிக்கார்டர் இருந்தது. நான் முதல் வரியை எடுத்துக் கொடுத்தேன். எதிரே கால்மாட்டில் அவர் நின்றிருந்தார். அழவில்லை. நாங்கள் பாட ஆரம்பித்ததும் அவர் வாய் அசைந்தது. தன் மனைவியின் பிணத்துக்கு முன்னால், தன் வீட்டில், சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தார். பாட்டு முழுக்க என் கண் அந்த வாயைவிட்டு நகரவில்லை. இரண்டாவது பாட்டில் எனக்குக் குரல் உடைந்தது. துக்கத்தில் உடைந்தது என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

காரியம் முடிந்த மறுநாள், மத்தியானம், எக்ஸ்சேஞ்சுக்கு வந்தார். மொட்டையடித்திருந்தார். வாசலிலேயே நின்றார். கூப்பிட்டதும் உள்ளே வந்து, ஸ்டூலில் உட்காராமல், கையிலிருந்த பிளாஸ்டிக் பையைப் பிரித்துக் கேசட்டை எடுத்து என் மேஜையில் வைத்தார்.

"இது வேணாம் சார். நீங்களே வச்சிக்கங்க."

"ஏங்க, உங்களுக்குன்னுதான் குடுத்தேன்."

"தெரியும் சார். ஒண்ணு கேக்கணும். தப்புன்னா சொல்லிடுங்க."

அப்புறம் சொன்னார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

கோயிலுக்கு வந்ததே அவர் ஆசைக்கு இல்லை. பாட்டெல்லாம் அந்த அம்மாளுடையது. பக்கத்துப் பிரம்மதேசத்துப் பெண். அங்கே பழைய கோயிலில் யாரோ பாட, சின்ன வயதில் வெளியே நின்று கேட்டு வளர்ந்தவள். இடுப்பு விழுந்ததும், "நீ போய்க் கேட்டுக்கினு வாய்யா, வந்து எனக்குச் சொல்லு" என்று அவரை அனுப்பினாள். அவர் ஒவ்வொரு வரியையும் காதில் வாங்கி, வாயால் ஒருமுறை சொல்லி, தலையில் ஏற்றிக்கொண்டு போய் ராத்திரிச் சோற்றுக்கு முன் சொல்வார். அவள் ஒரு வாரம் பூராவும் படுத்தபடி அதைச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

"அவளுக்கு ஒரு பாட்டு மேலதான் சார் உசுரு. சாமிய திட்டற பாட்டு. பாடறவரு சாமி கிட்ட சண்ட போடுவாராமே, நீயெல்லாம் ஒரு சாமியா, எனக்கு இப்படிப் பண்ணிட்டியேன்னு. மொத ரெண்டு வரிதான் அவளுக்கு ஞாபகம். மிச்சம் வேணும், எடுத்தாந்து குடு, நானும் ஒருவாட்டி முழுசா திட்டிட்டுச் சாவறேன்னுவா. புஸ்தகத்துல கடைசிப் பக்கமா வரும்னு தையக்கட அக்கா சொன்னாங்க. வாராவாரம் கேப்பா, வந்துச்சா வந்துச்சான்னு."

அந்தப் பதிகம் எனக்குத் தெரியும். ஐப்பசியில், மழை பெய்த ஞாயிறு ஒன்றில் அதைப் பாடினோம். நன்றாக வந்தது, எல்லோரும் சொன்னார்கள்.

"பாடுனோமே" என்றேன்.

"பாடுனோம் சார். மொத வரி கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சி. ஆனா சத்தமா சொல்லாம என் மண்டைல எதுவும் ஏற மாட்டேங்குது சார். எழுத்தும் தெரியாது. வாய அசைச்சிப் பாத்தேன். கோயில் வாசல் தாண்டறதுக்குள்ள போயிடுச்சி. வூட்ல போயி இன்னும் வரலம்மான்னுட்டேன். ஆறு மாசமா அவளுக்கு ஒரு புதுப் பாட்டும் எடுத்துக்கினு போல. பழசையே பாடறாங்கன்னு சொல்லிக்கினு இருந்தேன். அது மொதப் பொய்யி."

"என்னக் கேட்டிருக்கலாமே. அக்காவக் கேட்டிருக்கலாமே."

"நீங்கதான சார் வேணான்னீங்க" என்றார். இதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. மழை வந்தால் உப்பு எடுக்க முடியாது என்று சொல்கிற மாதிரி சொன்னார். "கோயில் விஷயம். நமக்கு இன்னா தெரியும்."

கேசட்டை விரலால் தொட்டார்.

"இது வந்ததும் பக்கத்து வூட்ல டேப்பு வாங்கியாந்து போட்டேன் சார். அவளுக்கு ஒரே சந்தோஷம். கேட்டுட்டு, இதுல நீ எங்கய்யான்னா. எல்லாரோடயும் சேந்து இருக்கேன்னேன். வுட மாட்டேன்னுட்டா. உன் கொரலு எனக்குத் தெரியாதா, கடைசில நிக்குமேன்னு மறுபடியும் போடச் சொன்னா. கேட்டுக்கினே இருந்தா. அப்பால ஒரு எடத்துல கையத் தூக்கினா. எல்லாரும் நிறுத்துன அப்பால ஒரு கொரலு நிக்குது பாரு, அது நீதான? எவ்ளோ நல்லா பாடறய்யா நீ, என்கிட்ட மட்டும் ஏன் கரகரன்னு பாடறன்னு கேட்டா."

நான் அவரைப் பார்க்கவில்லை. மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது உங்க கொரலு சார். நான் ஆமான்னுட்டேன். டெய்லி அதப் போட்டுப் போட்டுக் கேட்டா. பாக்க வர்றவங்க கிட்டல்லாம், இது எங்க வூட்டுக்காரருன்னு சொன்னா. சாவற அன்னிக்குக் காலைலகூட." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்க கொரல என்னுதுன்னு சொன்னது தப்பா சார்? அதுவும் சாமிப் பாட்டுல. மனசு அடிச்சிக்குது. அதான் உங்க கிட்டயே கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எழுந்து அவர் கையைப் பிடித்து, மன்னித்துவிடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு வரைக்கும் வந்தது. பக்கத்து மேஜையில் ஆள் இருந்தார். நான் சொன்னது இதுதான்:

"அதுல தப்பு ஒண்ணும் இல்லைங்க."

அவரை நான் மன்னித்தேன். உலகத்தில் இப்படியும் ஒரு கூத்து நடக்குமா? அவர் கும்பிட்டார். கண்ணெல்லாம் நீர். பெரிய பாரம் இறங்கின மாதிரி நடந்து போனார். கேசட் மேஜையிலேயே கிடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு முன்பாகவே போய்க் குழாயடியில் காத்திருந்தேன். வந்தார்.

"இன்னிக்கு அந்தப் பாட்டப் பாடலாம். உங்க வூட்டம்மாவுக்காக. நீங்க சத்தமாப் பாடணும். வாய அசைக்கறதெல்லாம் வேணாம். நான் சொன்னது தப்பு" என்றேன். மன்னிப்பு என்ற சொல் அப்போதும் வரவில்லை, தப்பு என்பது வரைக்கும்தான் வந்தது.

"சரி சார்" என்றார்.

அந்தப் பதிகத்தை எடுத்தேன். முதல் வரி முடிந்தது. கடைசி எழுத்தை நான் பிடிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு கடைசித் தூணைப் பார்த்தேன். பார்த்த கண் எடுக்காமல் காத்திருந்தேன். அவர் வாய் அசைந்தது. தொண்டை நரம்பு புடைத்து ஏறி இறங்கியது. காற்று மட்டும் வந்தது. அடுத்த வரிக்கும் காத்திருந்தேன். அதற்கடுத்த வரிக்கும். கூட்டம் ஒன்றும் புரியாமல் வரிக்கு வரி நின்று நின்று வந்தது.

"சார், இன்னிக்கு நீங்கதான் பின்னால இழுக்குறீங்க" என்றார் தையல்கடை அக்கா.

பதினோரு பாட்டும் அப்படியே போயிற்று. ஒவ்வொரு வரி முடிந்ததும் மண்டபத்தில் ஒரு சந்து, அதை மிதிக்க ஆள் இல்லை. திருச்சிற்றம்பலம் சொல்லி முடித்தோம். எல்லோரும் சுண்டலுக்கு எழுந்தார்கள். அவர் வேட்டிக்குள் செருகியிருந்த காலை மெல்ல எடுத்து, எழுந்து, என்னிடம் வந்தார். நான் வருத்தமாக இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னைத் தேற்றுகிற மாதிரி கையைத் தொட்டார்.

"இன்னிக்கு நல்லா வந்துச்சி சார்" என்றார். "சுத்தமா இருந்துச்சி."